மூன்று தையல் கூடும் இடம்: மார்பைக் குறைத்த பிறகு புண் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை

மார்பைக் குறைக்கும் அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள் இரவு, மணி பதினொன்று இருக்கும். என் தங்கை குளியலறைக் கதவை லேசாகத் திறந்து கூப்பிட்டாள். “அக்கா, கொஞ்சம் வந்து பாரேன். தையல் விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்.” கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். வலது மார்புக்கு அடியில், மடிப்பு விழும் இடத்தின் நடுவில், ஐந்து காசு அளவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளே மஞ்சளாக, பாலாடை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் கிசுகிசுத்தே பேசினோம்.

மறுநாள் காலை தாதி கட்டைப் பிரித்துப் பார்த்தார். “ம், டி ஜங்ஷன். நிறைய பேருக்கு இங்கேதான் திறக்கும்” என்று சொல்லிவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு அது விடிய விடியத் தூக்கம் கெட்ட இரவு. அவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தப் புண் முழுதாக மூடப் பத்து வாரம் ஆனது. பெரும்பாலான நாள்கள் கட்டு மாற்றியது நான்தான். தங்கையோ அந்தப் பத்து வாரமும் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். குனிந்திருக்கக் கூடாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கக் கூடாது, முதலில் இந்த ஆபரேஷனே செய்திருக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். உண்மையில் அந்த இடம் திறந்ததற்கும் அவள் குனிந்ததற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அந்த இடம் வெட்டுமுறையிலேயே பலவீனமானது. ஒப்புதல் படிவத்தில் ‘புண் ஆறத் தாமதமாகலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அவள் கையெழுத்தும் போட்டிருந்தாள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அப்போதே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

மார்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதை வெளியில் இருப்பவர்கள் அழகு சம்பந்தப்பட்டதாகப் பார்க்கிறார்கள். சுமப்பவளுக்கு அது எடை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அரைக் கிலோ, சிலருக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடுக்கிறார்கள். கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலிக்கும். பிரா பட்டை தோளில் பள்ளம் பறித்திருக்கும். சிங்கப்பூரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மார்புக்கு அடியில் தோலும் தோலும் உரசும் மடிப்பில் வேர்வை தேங்கி, புழுங்கி, படையும் பூஞ்சைத் தொற்றும் மாறி மாறி வரும். என் தங்கை பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கைக்குட்டையை இரண்டாக மடித்து அடியில் செருகிக்கொண்டுதான் வெளியே கிளம்புவாள். மத்தியானம் மாற்றுவதற்குப் பையில் இன்னொன்று இருக்கும். இதெல்லாம் மருத்துவரின் குறிப்பில் பதிவாகியிருப்பது பணத்துக்கும் முக்கியம். இங்குள்ள அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தராது, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தும் அதற்கு எடுக்க முடியாது. மருத்துவக் காரணம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. பிறகு சிக்கல் வந்து மறுபடி அறுவை தேவைப்பட்டால் காப்புறுதி என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஜங்ஷனுக்கு வருவோம். ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தட்டையான துணியில் ‘டாட்’ பிடித்தால் கிண்ணம் மாதிரி குழிவு வருகிறது. இங்கேயும் வேலை ஏறக்குறைய அதுதான்: பெரிய கிண்ணத்திலிருந்து திசுவையும் தோலையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சின்னக் கிண்ணமாக வளைத்துத் தைக்க வேண்டும். 1956இல் ராபர்ட் வைஸ் என்ற அறுவை மருத்துவர் இதற்கு ஒரு வெட்டு வடிவத்தை வெளியிட்டார். பிரா தைக்கப் பயன்படும் வெட்டுமுறையிலிருந்தே அவர் அதை உருவாக்கினார். பெரிய மார்பைக் குறைக்க இன்றும் அதிகம் பயன்படுவது அந்த வைஸ் வடிவம்தான். முலைக்காம்பின் கருவட்டத்தைச் சுற்றி ஒரு தையல், அங்கிருந்து நேர்கீழாக ஒன்று, அடி மடிப்பின் நீளத்துக்குக் குறுக்காக ஒன்று. எதிரில் நின்று பார்த்தால் நங்கூரம் மாதிரி இருக்கும். நேர்த்தையல் வந்து குறுக்குத் தையலைத் தொடும் புள்ளிதான் எங்கள் டி ஜங்ஷன்.

மூன்று துணி முனைகள் ஒரே புள்ளியில் கூடினால் இழுவை அங்கேதான் அதிகம் என்று எந்தத் தையல்காரரும் சொல்வார். துணியென்றால் இரட்டைத் தையல் போட்டு முடித்துவிடலாம். தோலுக்கு அதோடு இரத்தமும் போய்ச் சேர வேண்டும். மார்பின் தோலுக்கு இரத்தம் நெஞ்செலும்பின் பக்கத்திலிருந்தும், அக்குள் பக்கத்திலிருந்தும், விலா இடுக்குகளிலிருந்தும் வருகிறது. அறுத்துத் தூக்கிய தோல் மடலுக்கு அதன் வேரிலிருந்து மட்டுமே இரத்தம் கிடைக்கும். முனைக்குப் போகப் போக ஓட்டம் மெலியும். மடல்களின் முனைகள் எல்லாம் வந்து கூடும் இடம் இந்த ஜங்ஷன்.

எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அங்கே வாய்க்காலின் கடைசி வயலைக் ‘கடைமடை’ என்பார்கள். மேட்டூரில் அணை நிறைந்து வழிந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. தங்கைக்கு நான் இதைத்தான் சொன்னேன். உன் உடம்பில் இரத்தத்துக்குக் குறைவில்லை, இது கடைமடை, அவ்வளவுதான்.

இது அபூர்வமும் இல்லை. மார்பகக் குறைப்பின் சிக்கல்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 179 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 43 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. அதில் முதலிடம் புண் ஆறுவதில் தாமதம்: ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். எடுக்கும் திசு கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது. அதாவது யாருக்கு இந்த அறுவை ரொம்பத் தேவையோ, அவர்களுக்கே புண் திறக்கும் வாய்ப்பும் அதிகம்.

முதல் பத்து நாள் எல்லாம் நன்றாக இருந்துவிட்டு ஏன் திடீரென்று திறக்கிறது? இதுதான் ஆள்களைக் குழப்புகிறது. இரத்தம் போதாத தோல் ஓரம் அன்றைக்கே செத்துவிடுவதில்லை. முதலில் நிறம் மங்கும், பிறகு கறுத்துப் பொருக்குத் தட்டும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அந்தப் பொருக்கு ஊறிக் கழன்று விழும்போதுதான் கீழே இருக்கும் குழி தெரியவருகிறது. நாம் பார்க்கும் நாளில் நடந்ததாக நினைக்கிறோம். அது அறுவை நடந்த வாரத்திலேயே தீர்மானமான விஷயம். போதாததற்குத் தையல் போட்ட இடத்தின் வலுவும் அந்த நேரத்தில் ரொம்பக் குறைவு. ஒரு வாரத்தில் சாதாரணத் தோலின் வலுவில் சுமார் 3 விழுக்காடு, மூன்று வாரத்தில் சுமார் 20 விழுக்காடு. மூன்று மாதத்தில் 80ஐ எட்டினால் அதுவே உச்சம். முழு நூறு எப்போதும் திரும்புவதில்லை.

“திரும்பத் தைத்துவிட முடியாதா?” என்று எல்லோரும் கேட்பது போல நாங்களும் கேட்டோம். முடியாது என்பதைவிட, தைத்தால் கெடுதல் என்பது சரி. திறந்த புண்ணில் கிருமி ஏற்கெனவே குடியேறியிருக்கும். இழுத்துத் தைத்தால் அது உள்ளே அடைபட்டுச் சீழ்க்கட்டியாகும். ஓரங்கள் வீங்கி மெத்தென்று இருப்பதால் நூல் பிடிப்பதும் இல்லை. அதே இடத்தில் அதே இழுவையை மறுபடி கொடுத்தால் மறுபடியும் விடும். அதனால் அடியிலிருந்து தானாக நிரம்பி வரட்டும் என்று விடுகிறார்கள். புண்ணின் அடியில் புதுத் திசு முளைக்கும். ஓரங்களை உள்நோக்கி இழுக்கும் சிறப்பு அணுக்கள் புண்ணையே சுருக்கும். கடைசியில் மேல்தோல் ஓரத்திலிருந்து படர்ந்து மூடும். ஒரு மாதத்தில் முடிபவர்களும் உண்டு, மூன்று மாதம் ஆகிறவர்களும் உண்டு.

புண்ணுக்குள் பார்த்து நிறம் படிக்கக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. சிவப்பாக, சின்னச் சின்ன முத்து கோத்தாற்போல் பளபளவென்று இருந்தால் அது புதுத் திசு. அது நல்ல அறிகுறி. மஞ்சளாக, ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் வராமல் இருப்பது செத்த திசுவின் கசடு. முதல் இரவு நாங்கள் பார்த்து நடுங்கிய பாலாடை அதுதான். அது சீழ் அல்ல. சீழ் ஒழுகும், நாறும், சுற்றிலும் தோல் சிவந்து சூடாக இருக்கும். மஞ்சளைக் கண்டதும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருத்துவரைக் குடைபவர்களில் நானும் ஒருத்தி. ஆறத் தாமதம் என்பது வேறு, தொற்று என்பது வேறு என்று அவர் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். கறுப்பு என்றால் முழுதாகச் செத்த தோல். அதை எப்போது வெட்டி எடுப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நகத்தால் பெயர்க்கக் கூடாது.

அப்புறம் இந்தக் ‘காய்வது’. புண் ஆறியது என்பதை ‘காய்ந்துவிட்டது’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் அம்மாவுக்கு, கட்டுப் போட்டு மூடி வைப்பதே பிடிக்கவில்லை. “கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில காத்தாட விடேன்டி, ஈரமாவே வச்சிருந்தா எப்படி ஆறும்?” என்று தினமும் ஒரு தடவை கேட்பார். அவர் மட்டுமில்லை, அரை நூற்றாண்டுக்கு முன்பு மருத்துவமனைகளிலும் நினைப்பு அதுதான். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் பொருக்குத் தட்ட விட்டார், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். மூடி வைத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டும். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகலாம். இன்றைய கட்டுத் துணிகளின் கதை முழுவதும் அங்கிருந்து வருவதுதான். வறண்ட புண்ணுக்கு ஈரம் தரும் ஜெல், நீர் அதிகம் கசிந்தால் உறிஞ்சும் நுரைப்பஞ்சு அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கிருமி கூடினால் வெள்ளி கலந்தது. குழி பெரிதாக இருந்தால் நுரையை உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, சின்ன இயந்திரத்தால் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

எங்கள் வேலை எளிமையாகத்தான் இருந்தது. தினமும் ஷவரில் ஓடும் தண்ணீரில் கழுவுவாள். தண்ணீர் படக்கூடாது என்ற பயமெல்லாம் மருத்துவர் சொன்ன மறுநாளே போய்விட்டது. குளம், நீச்சல் மட்டும் புண் மூடும்வரை கூடாது. நான் சுற்றுத்தோலை ஒற்றித் துடைத்து, மருந்து நாடாவைக் குழிக்குள் லேசாக வைப்பேன். முதல் வாரம் நான் இடைவெளி விடாமல் அழுத்தி அடைத்து வைத்திருந்தேன். தாதி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மேடம், தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைக்காதீங்க. அடி தொட்டா போதும்” என்றார். அழுத்தி அடைத்தால் இருக்கும் கொஞ்ச இரத்த ஓட்டமும் நசுங்கும். பலதுறை மருந்தகத்திலும் கட்டு மாற்றிவிடுவார்கள். வீட்டுக்கே வரும் தாதியர் சேவையும் உண்டு. வீட்டில் கை பழகிய ஆள் ஒருவர் இருந்தால் அலைச்சல் மிச்சம்.

மஞ்சள் பற்றி ஒரு வார்த்தை. திறந்த புண்ணில் மஞ்சள்தூள் வைத்தால் என்ன என்று பெரியம்மா கேட்டார். மஞ்சளின் குணம் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியது அல்ல. இன்னொன்று, சுற்றுத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தொற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். மஞ்சள் பூசிவிட்டால் அந்த நிறம் தெரியாமல் போய்விடும். வேர்க்குருப் பவுடரும் அப்படித்தான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மடிப்புக்குள் அது மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும்.

சாப்பாட்டில்தான் நிஜமான சண்டை நடந்தது. ஆபரேஷன் ஆனவள் ‘பச்சை உடம்புக்காரி’. ஆகவே முட்டை கூடாது, மீன் கூடாது, இறால், நண்டு, கத்திரிக்காய் எதுவும் கூடாது, சீழ் பிடிக்கும். மிஞ்சுவது மிளகு ரசமும் குழைந்த சோறும் சுட்ட அப்பளமும். ரசத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்கைப் பாருங்கள். பெரிய புண் ஆறும் காலத்தில் உடம்புக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் இருப்பது நாலு கிராம் சொச்சம். ஒரு முட்டையில் ஆறு கிராம். உள்ளங்கை அளவு மீன் துண்டில் இருபது. புண்ணை நிரப்பும் திசுவே புரதத்தால் ஆனது; அதைப் பின்ன வைட்டமின் சி வேண்டும், துத்தநாகமும் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் நாம் நிறுத்துவது சரியாக அந்தச் சரக்கைத்தான்.

அம்மாவை மாற்றியது நானோ மருத்துவரோ அல்ல, எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா). என்ன ஆபரேஷன் என்றுகூடக் கேட்காமல், ஆபரேஷன் என்று காதில் விழுந்த மறுநாளே இஞ்சி போட்டு ஒரு பாத்திரம் ‘ஹருவான்’ மீன் சூப்போடு வந்து நின்றார். மலாய்க்காரர்களும் சீனர்களும் அறுவைக்குப் பிறகு தவறாமல் கொடுப்பது அது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். “அட, இது நம்ம விரால் மீனுதானே!” விரால் என்றதும் பத்தியம் தளர்ந்துவிட்டது. அதிலிருந்து வாரம் இரண்டு முறை தேக்கா சந்தையில் விரால் தேடல். அதற்கு மாய சக்தி எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. கொழுப்புக் குறைந்த நல்ல புரதம், சூடாக இறங்குகிறது, போதாதா? சைவக்காரர்கள் பருப்பைக் கெட்டியாகவும், தயிர், பனீர், தவ்வு (டோஃபு), சுண்டல் என்று மாற்றி மாற்றியும் சாப்பிட்டு இதே கணக்கை எட்டலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எல்லாருடைய கடைமடையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கிருமியை எதிர்க்கும் அணுக்களும் சோர்ந்துவிடும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. அதனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8 விழுக்காட்டுக்குக் கீழே வரட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடும் மருத்துவரைக் கோபிக்க வேண்டாம். இரத்தசோகையையும் முன்பே சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம் நிகோடின். அது இரத்தக் குழாயைச் சுருக்கிக் கடைமடைக்குப் போகும் மதகையே அடைத்துவிடும். சிகரெட் மட்டுமல்ல, புகையிலை வைத்த வெற்றிலையும் கணக்குதான். ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டும் அப்படியே. இங்கே 2018இலிருந்து அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் மருத்துவரிடம் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். தயங்காமல் சொல்லிவிடுவதுதான் தோலுக்கு நல்லது. குறைந்தது நான்கு வாரம் முன்பும், புண் ஆறும்வரையும் விட்டுவிட வேண்டும்.

வீட்டு வேலையில் எது ஆபத்து என்று பட்டியல் கேட்டால் சமையலைச் சொல்வார்கள். நான் சொல்வேன், மூங்கில் கம்பு. ஈரத்துணி மாட்டிய கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டையில் செருகிப் பாருங்கள், அடி மடிப்பு எப்படி இழுக்கிறதென்று தெரியும். எம்ஆர்டி ரயிலில் மேலே தொங்கும் பிடியும் அதே மாதிரிதான். ஐந்து கிலோ அரிசிப் பை, தூக்கச் சொல்லி அழும் குழந்தை, இதெல்லாம் ஆறு வாரத்துக்கு வேறு யாருடைய பொறுப்பாகவாவது இருக்க வேண்டும். கம்பி வைத்த பிராவும் வேண்டாம். முன்பக்கம் திறக்கும், அடியில் உரசாத ஒன்று போதும். விடுப்பும் சிலர் பயப்படும் அளவுக்குக் குறைவில்லை. வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றியவர்களுக்கு மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு; சாதாரண மருத்துவ விடுப்பு (எம்சி) 14 நாளும் அதற்குள் அடக்கம். என் தங்கை மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பப் பார்த்தாள். மருத்துவர் இன்னும் இரண்டு வாரம் எழுதிக் கொடுத்தார்.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் இருக்கின்றன. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று பொருள்; திரும்ப அறுவைக் கூடத்துக்குப் போக நேரலாம். முலைக்காம்பு நீலமாகவோ கறுத்தோ போனால் அன்றிரவே அழைக்க வேண்டும். பெரும்பாலான முறைகளில் முலைக்காம்பை வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை, இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு சேர்த்தே மேலே நகர்த்துகிறார்கள். அந்தத் தண்டு மடங்கினாலோ நசுங்கினாலோ இரத்தம் தேங்கும். சில தையலை உடனே தளர்த்தினாலே சிலருக்குக் காப்பாற்றிவிடலாம். முழுதாக இழப்பது மிக அரிது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவப்பு பரவிக்கொண்டே போவது, நாற்றமடிக்கும் சீழ் ஆகியவை இருந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மெண்டுக்காக உட்கார்ந்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வலித்து வீங்கி, மூச்சும் வாங்கினால் உடனே ஆம்புலன்ஸ், 995.

யாரிடம் என்ன சொல்வது என்பதுதான் எங்கள் வீட்டில் புண்ணைவிடப் பெரிய தொல்லையானது. மார்பு என்ற சொல்லை வாயில் எடுக்காமல் இருக்க, “ஒரு சின்னக் கட்டி எடுத்தாங்க” என்று அம்மா சொந்தங்களிடம் சொல்லி வைத்தார். இரண்டு வாரத்தில் புண் திறந்த செய்தியும் சேர்ந்துகொள்ள, கட்டி புற்றுநோயாகிவிட்டது. பெரியம்மா வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து குங்குமத்தோடு அழுதுகொண்டே வந்தார். அப்போதுதான் தங்கை வாய்விட்டுச் சொன்னாள்: “பெரியம்மா, எனக்குப் பெருசா இருந்துச்சு, முதுகு வலி தாங்க முடியல, சின்னதாக்கிட்டேன். அவ்வளவுதான்.” பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலையேடி” என்றார். அன்றிரவு அம்மா முதல் தடவையாகக் கட்டு மாற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார். பார்த்தார். என்னைப் பெற்றபோது சிசேரியன் தையல் திறந்துகொண்டதையும், இரண்டு மாதம் பாவாடை நாடா படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்ததையும் அப்போதுதான் சொன்னார். அப்பாவுக்குக்கூடத் தெரியாதாம்.

ஐந்து காசு ஐம்பது காசாகி, இரண்டு வாரம் அப்படியே நின்றது. அதுதான் மிக மோசமான நேரம். ஒன்றும் நகராதது போலிருக்கும். கசடு முழுதும் நீங்கிச் சிவப்புத் தெரிந்த பிறகு வேகம் பிடித்தது. மொச்சை அளவு, பட்டாணி அளவு, பச்சைப்பயறு அளவு என்று சுருங்கியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருந்தேன். தினமும் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய தோள்வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. புண் திறந்து கிடந்த நாள்களிலும் அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

புண் மூடியதோடு எல்லாம் முடிவதில்லை. இரத்தம் போதாமல் இறந்த கொழுப்பு சில மாதம் கழித்துக் கெட்டிக் கட்டியாகக் கைக்குத் தட்டுப்படலாம். பெரும்பாலும் அது தானாக மெதுவாகிவிடும், ஆனால் கட்டி எதுவானாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படத்தில் இப்படிப்பட்ட இடங்கள் சுண்ணாம்புப் புள்ளிகளாகவும் எண்ணெய்ப் பைகளாகவும் விழும். 2002இலிருந்து நடக்கும் பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர் திட்டத்தில் 50 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அங்கே போகும்போது குறைப்பு அறுவை செய்ததையும் எந்த ஆண்டு என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீணாக ஊசி குத்திச் சதை எடுக்கும் அளவுக்குப் போகலாம்.

தழும்பு நம் தோல் நிறத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். கருமை ஏறும், நடு நெஞ்சுக்குப் பக்கத்து முனையும் அக்குள் பக்கத்து முனையும் தடித்துக் கெலாய்டு ஆகும் வாய்ப்பும் வெளுத்த தோலைவிட அதிகம். புண் முழுதாக மூடிய பிறகுதான் சிலிக்கான் பட்டை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒட்டி வைக்க வேண்டும். தடித்தால் ஸ்டீராய்டு ஊசி. ஜங்ஷன் இருந்த இடத்தில் தழும்பு கொஞ்சம் அகலமாக விழும், ஆனால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பிடிக்காதவர்கள் ஓராண்டு கழித்து அதை வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

சிலிக்கான் பட்டை மலிவு இல்லை. கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்ப ஒட்டலாம் என்பதால் தங்கை அதைக் குளியலறை ஓட்டில் ஒட்டிக் காயவைப்பாள். மூன்றாம் நாள் அதைக் காணோம். ஏதோ பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கிடக்கிறது என்று அம்மா உரித்துக் குப்பைக்குழாயில் போட்டுவிட்டார்.